அமெச்சூர் வானொலியாளர்: பொழுதுபோக்கும் பொதுநலமும்

கிராம வாழ்க்கைக்கு இன்றியமையாதவை எவை என்று கேட்டால், குடிநீர், சாலை, பள்ளிக்கூடம், மருத்துவமனை, மின்சாரம் என்று வரிசையாகச் சொல்லிவிடுவோம். செய்தித் தொடர்பையும் அவ்வரிசையில் சேர்த்துச் சொல்பவர் சிலரே. கைபேசி எல்லோர் கையிலும் இருப்பதால், அது என்றும் நமக்கு உதவும் என்ற எண்ணம் ஏற்பட்டுவிட்டது. 2018-ம் ஆண்டு நவம்பர் 16-ம் தேதி அதிகாலையில் வேதாரண்யத்திற்கு அருகே கஜா புயல் கரையைக் கடந்தபோது இந்த எண்ணம் எவ்வளவு பலவீனமானது என்பது தெரிந்தது. தென்னை மரங்களும் மின்கம்பங்களும் ஒருங்கே சாய்ந்தன. மின்சாரம் நின்றது. மின்சாரத்தை நம்பியிருந்த கைபேசிக் கோபுரங்களும் பல இடங்களில் ஓய்ந்தன. எந்த ஊரில் என்ன சேதம், யாருக்கு என்ன தேவை என்பதை உடனே அறிவதே கடினமாயிற்று.

இத்தகைய வேளையில் கம்பியும் கோபுரமும் இல்லாமலே செய்தி அனுப்பும் ஆற்றல் படைத்த ஒரு சாரார் நம் நாட்டில் இருக்கிறார்கள். அவர்கள் அரசாங்க ஊழியர்கள் அல்லர். சம்பளம் பெறுபவர்களும் அல்லர். வானொலிக் கலையைப் பொழுதுபோக்காகக் கொண்டவர்கள். அமெச்சூர் வானொலியாளர் என்றும், சுருக்கமாக 'ஹாம்' என்றும் அவர்களை உலகெங்கும் அழைக்கிறார்கள். அவர்களுடைய அன்றாட வாழ்க்கை எப்படிப்பட்டது, அவர்களுடைய மனப்பான்மை என்ன, அவர்களால் கிராமங்களுக்கு விளையக்கூடிய நன்மை யாது என்பவற்றைப் பஞ்சாயத்து உறுப்பினர்களும் விவசாயப் பெருமக்களும் அறிந்திருப்பது நல்லது.

யார் இவர்கள்?

நம் வீட்டு வானொலிப் பெட்டி கேட்க மட்டுமே பயன்படும். நிலையத்தார் பேசுவார்கள், நாம் கேட்போம். அமெச்சூர் வானொலியாளரிடம் உள்ள கருவியோ கேட்கவும் பேசவும் வல்லது. ஓரிடத்திலிருந்து ஒருவர் அழைப்பார். அதைக் கேட்ட மற்றொருவர் தம் நிலையத்திலிருந்து விடை கூறுவார். இருவருக்கும் இடையே எந்த நிறுவனத்தின் கம்பியும் இல்லை. கட்டணச் சீட்டும் இல்லை.

ஆயினும் யார் வேண்டுமானாலும் கருவியை வாங்கிப் பேசத் தொடங்கிவிட முடியாது. மத்திய அரசாங்கத்தின் செய்தித் தொடர்பு அமைச்சகம் நடத்தும் தேர்வில் தேறி, உரிய விசாரணைக்குப் பின் உரிமம் பெற்றவரே இதில் ஈடுபடலாம். உரிமம் பெற்ற ஒவ்வொருவருக்கும் ஓர் அழைப்புக் குறி வழங்கப்படுகிறது. மோட்டார் வண்டியின் பதிவு எண்ணைப் பார்த்து அது எந்த ஊர் வண்டி என்று சொல்வதைப் போல, அழைப்புக் குறியின் தொடக்கத்தைக் கேட்டதுமே பேசுபவர் எந்த நாட்டவர் என்பதை அறியலாம். இந்தியருடைய குறி 'வி.யு.' என்ற எழுத்துகளில் தொடங்கும். உலகில் ஒருவருக்கு உள்ள குறி மற்றொருவருக்கு இராது. பேசும்போது தம் குறியைச் சொல்லியாக வேண்டும் என்பது விதி. ஆகவே இவர்கள் மறைவாக எதையும் பேசுவதற்கில்லை.

அன்றாட வாழ்க்கை

அமெச்சூர் வானொலியாளருள் ஆசிரியர் உண்டு, மருத்துவர் உண்டு, மின்பணியாளர் உண்டு, கடைக்காரர் உண்டு, ஓய்வு பெற்றவர் உண்டு, மாணவரும் உண்டு. பகலில் தத்தம் தொழிலைப் பார்ப்பார்கள். காலையில் வேலைக்குப் புறப்படுமுன் ஒரு மணி நேரமோ, மாலையில் வீடு திரும்பிய பின் சிறிது நேரமோ வானொலி மேசையின் முன் அமர்வார்கள். அம்மேசையில் ஒரு கருவி, ஒரு ஒலிவாங்கி, தந்தி தட்டுவதற்கான சாவி, ஒரு கடிகாரம், ஒரு குறிப்பேடு ஆகியவை இருக்கும். கருவியிலிருந்து ஒரு கம்பி வெளியே சென்று, மாடியிலோ மரத்திலோ கட்டப்பட்ட ஏரியலில் முடியும்.

ஏரியல் என்றதும் பெரிய கோபுரத்தை எண்ண வேண்டியதில்லை. 40 மீட்டர் அலைவரிசையில் பேசுவதற்கு, நடுவில் இணைப்புக் கொடுத்து இரு புறமும் சுமார் 10 மீட்டர் நீளம் இழுத்துக் கட்டிய செப்புக் கம்பியே போதும். இரண்டு தென்னை மரங்களுக்கு இடையே அதைக் கட்டிவிடலாம். அந்நீளம் சற்றுக் கூடினாலும் குறைந்தாலும் கருவி சரிவர வேலை செய்யாது. ஆதலால் கம்பியைச் சிறிது வெட்டுவதும், மீண்டும் ஏற்றிக் கட்டுவதும், அளந்து பார்ப்பதுமாகப் பல விடுமுறை நாட்கள் கழியும். கருவி பழுதுபட்டால் ஈயப்பற்று வைக்கும் சூட்டுக்கோலை எடுத்துத் தாமே சரிசெய்துகொள்வார்கள். தம் கையாலேயே முழுக் கருவியையும் செய்துகொள்பவர்களும் உண்டு.

பேச உட்கார்ந்தவுடன் பேச்சைத் தொடங்குவதில்லை. முதலில் கேட்க வேண்டும். அந்த அலைவரிசையில் வேறு இருவர் பேசிக்கொண்டிருந்தால் குறுக்கிடாமல் காத்திருக்க வேண்டும். இடம் காலியாக இருப்பது தெரிந்த பிறகே, தம் குறியைச் சொல்லி, கேட்பவர் யாரேனும் இருந்தால் விடை கூறுமாறு அழைப்பார்கள். விடை வந்ததும், எதிர்ப்புறத்தாரின் குரல் எவ்வளவு தெளிவாக, எவ்வளவு வலிவாகக் கேட்கிறது என்பதை எண்களால் தெரிவிப்பார்கள். பிறகு பெயர், ஊர், வானிலை, கருவியின் அமைப்பு ஆகியவற்றைப் பற்றிப் பேச்சு நடக்கும். விடைபெறும்போது 'எழுபத்து மூன்று' என்பார்கள். தந்திக் காலத்திலிருந்து வழங்கிவரும் இவ்வெண்ணுக்கு 'என் நல்வாழ்த்துகள்' என்பது பொருள்.

ஒவ்வொரு பேச்சையும் நாள், நேரம், அலைவரிசை, எதிர்ப்புறத்தாரின் குறி ஆகியவற்றுடன் குறிப்பேட்டில் எழுதிவைப்பது வழக்கம். பல நாட்டாரோடு பேசுவதால் நேரத்தை உலகப் பொது நேரப்படி குறிப்பார்கள். அது நம் கடிகாரத்திற்கு ஐந்தரை மணி பின்தங்கியிருக்கும். முதன்முறை பேசியவருக்குத் தம் குறி அச்சிட்ட அஞ்சலட்டை ஒன்றை அனுப்புவதும் உண்டு. தொலைதூர நாடுகளிலிருந்து வந்த இத்தகைய அட்டைகளைச் சுவரில் ஒட்டிவைப்பதில் இவர்களுக்கு மிகுந்த மகிழ்ச்சி.

குறிப்பிட்ட நேரத்தில் பலர் ஒரே அலைவரிசையில் கூடும் வழக்கமும் உண்டு. ஒருவர் தலைமை வகித்து, ஒவ்வொருவரையும் குறி சொல்லி அழைப்பார். அழைக்கப்பட்டவர் மட்டும் பேசுவார், மற்றவர் கேட்பர். கிராம சபைக் கூட்டம் ஒழுங்காக நடைபெறுவதற்கு எத்தகைய கட்டுப்பாடு வேண்டுமோ அத்தகைய கட்டுப்பாடு இங்கே நாள்தோறும் பழகப்படுகிறது.

அலை எவ்வாறு செல்கிறது?

100 வாட் திறன் என்பது பழைய குண்டு பல்பு ஒன்று எரிவதற்கு வேண்டிய மின்சாரமே. அவ்வளவு சிறிய ஆற்றலைக் கொண்டு பல்லாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் பேச முடிவது எப்படி? பூமிக்கு மேலே சுமார் 60 கிலோமீட்டர் உயரத்திலிருந்து பல நூறு கிலோமீட்டர் வரை, சூரியக் கதிர்களால் மின்னூட்டம் பெற்ற காற்றடுக்குகள் உள்ளன. இப்பகுதிக்கு அயன மண்டலம் என்று பெயர். கீழிருந்து செல்லும் சிற்றலைகளை இம்மண்டலம் வளைத்து மீண்டும் பூமிக்குத் திருப்புகிறது. அலை பூமியில் பட்டு மறுபடியும் மேலே சென்று, மறுபடியும் கீழே வரும். இவ்வாறு தாவித் தாவிக் கடல்களைக் கடந்துவிடுகிறது.

இரவு நேரத்தில் வானொலிப் பெட்டியைத் திருப்பினால், பகலில் கேட்காத தொலைதூர நிலையங்கள் கேட்பதைப் பலரும் கவனித்திருக்கலாம். பகலில் அயன மண்டலத்தின் தாழ்ந்த அடுக்கு அலைகளை உறிஞ்சிக்கொள்கிறது. சூரியன் மறைந்தபின் அவ்வடுக்குக் கலைந்துவிடுவதால் அலைகள் உயர்ந்த அடுக்கை எட்டித் திரும்புகின்றன. ஆகவே 40 மீட்டர் அலைவரிசை பகலில் சில நூறு கிலோமீட்டருக்கும், இரவில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கும் பயன்படுகிறது. சூரியனில் தோன்றும் கரும்புள்ளிகள் சுமார் 11 ஆண்டுகளுக்கு ஒருமுறை பெருகிக் குறைகின்றன. அதற்கேற்பத் தொலைதூரத் தொடர்பும் பெருகிக் குறைகிறது. மேகத்தையும் காற்றையும் பார்த்து மழையைக் கணிக்கும் விவசாயியைப் போல, வானொலியாளரும் சூரியனையும் பொழுதையும் பார்த்து எந்த நேரத்தில் எந்த ஊர் கிடைக்கும் என்று கணிக்கிறார். இவ்வறிவு புத்தகத்தால் மட்டும் வருவதன்று. நாள்தோறும் கேட்டுப் பழகுவதால் வருவது.

அருகிலுள்ள ஊர்களுடன் பேசுவதற்கு 2 மீட்டர் அலைவரிசை ஏற்றது. இவ்வலை நேர்க்கோட்டில் செல்லும். குன்றின் மேலோ உயர்ந்த கட்டடத்தின் மேலோ வாங்கி அனுப்பும் கருவி ஒன்றை வைத்தால், கையில் பிடிக்கும் சிறு கருவியைக் கொண்டே பரந்த வட்டாரம் முழுவதும் பேசலாம்.

மனப்பான்மை

அமெச்சூர் வானொலியைக் கொண்டு பணம் ஈட்டக் கூடாது. வியாபாரம் பேசக் கூடாது. பிறருக்குப் புரியாத இரகசியக் குறிகளில் பேசக் கூடாது. பாட்டும் கச்சேரியும் ஒலிபரப்பக் கூடாது. அரசியல், மத விவாதங்களுக்கும் இங்கே இடம் இல்லை. இவ்விதிகளால் இவர்களிடையே ஒருவித சமத்துவம் வளர்ந்திருக்கிறது. ஜோர்டான் நாட்டு மன்னராயிருந்த ஹுசேன் ஓர் அமெச்சூர் வானொலியாளர். நம் பிரதமராயிருந்த ராஜீவ் காந்தியும் 'வி.யு. 2 ஆர்.ஜி.' என்ற குறியைப் பெற்றவர். அலைவரிசையில் மன்னருக்கும் மின்பணியாளருக்கும் ஒரே விதிதான். ஒருவர் பேசி முடிக்கும்வரை மற்றவர் காத்திருக்க வேண்டும்.

மூத்தவர்கள் இளையவர்களுக்குக் கட்டணமின்றிக் கற்றுக்கொடுப்பதைக் கடமையாகக் கருதுகிறார்கள். உறுப்பினர் ஒருவர் காலமானால் அவரைச் 'சாவி மௌனமானவர்' என்று குறிப்பிடுவது இவர்கள் வழக்கம். தந்திச் சாவியின் ஓசையைக் கொண்டே தட்டுபவர் யாரென்று நண்பர்கள் அறிந்துகொண்ட காலத்திலிருந்து வருவது இது.

பொழுதுபோக்காகத் தொடங்குவது பொதுப்பணியாக வளரும் என்பதற்குச் சென்னையே சான்று. 1924-ம் ஆண்டில் கிருஷ்ணசாமி செட்டியாரும் வானொலி ஆர்வம் கொண்ட நண்பர்களும் சேர்ந்து சென்னை மாகாண வானொலிக் கழகத்தை நிறுவினார்கள். அவ்வாண்டு ஜூலை 31-ம் தேதி அக்கழகம் ஒலிபரப்பைத் தொடங்கிற்று. பணமுடையால் 1927-ம் ஆண்டில் அப்பணி நின்றுபோயினும், 1930-ம் ஆண்டில் சென்னை நகராட்சி ஒலிபரப்பை ஏற்று நடத்தியது. 1938-ம் ஆண்டில் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் தோன்றியது. பின்னாளில் கிராமந்தோறும் கேட்ட உழவர் நிகழ்ச்சிகளுக்கு வழி திறந்தவர்களுள் இந்த ஆர்வலர்களும் அடங்குவர்.

வானொலியாளருக்காக இந்தியாவே ஒரு செயற்கைக் கோளையும் அனுப்பியது. 42.5 கிலோ எடையுள்ள 'ஹாம்சாட்' 2005-ம் ஆண்டு மே 5-ம் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்டு, 2014-ம் ஆண்டு வரை ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் பயன்பட்டது.

ஆபத்துக் காலத்தில்

2004-ம் ஆண்டு டிசம்பர் மாதம் ஹைதராபாத்திலுள்ள தேசிய அமெச்சூர் வானொலி நிறுவனத்தைச் சேர்ந்த ஒரு குழுவினர், பாரதி பிரசாத் என்ற பெண்மணியின் தலைமையில், அந்தமான் தீவின் தலைநகரான போர்ட் பிளேருக்குச் சென்றிருந்தனர். இவ்வூருக்கு 2024-ம் ஆண்டில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்டது. அத்தீவுகளிலிருந்து அமெச்சூர் வானொலி இயங்குவதற்கு நெடுங்காலம் அனுமதி இல்லாதிருந்தது. ஆகவே உலகெங்குமுள்ள ஆர்வலர்கள் அவர்களோடு ஒருமுறை பேசிவிட வேண்டும் என்று காத்திருந்தார்கள். குழுவினர் இரவும் பகலும் ஆயிரக்கணக்கானவர்களோடு பேசி மகிழ்ந்திருந்தனர். அப்போது அது முழுக்க முழுக்கப் பொழுதுபோக்கே.

டிசம்பர் 26-ம் தேதி காலை ஆறரை மணி அளவில் சுமாத்திராவுக்கு அருகே கடலடியில் பெரும் நிலநடுக்கம் ஏற்பட்டது, ஆழிப்பேரலை எழுந்தது. தீவுகளின் தொலைபேசித் தொடர்புகள் அறுந்தன. சென்னையிலிருந்து 1,300 கிலோமீட்டருக்கு அப்பால் கடல் நடுவே உள்ள ஊரிலிருந்து செய்தி வருவது அரிதாயிற்று. குழுவினர் பொழுதுபோக்குப் பேச்சை நிறுத்திவிட்டுத் தம் கருவிகளை ஆபத்துக்கால நிலையமாக மாற்றினார்கள். உயிருடன் இருப்பவர்களைப் பற்றிய செய்திகளை நாட்டின் பிற பகுதிகளிலிருந்த வானொலியாளர்கள் வாங்கி, கவலையோடு காத்திருந்த உறவினர்களுக்கு அறிவித்தார்கள். பெரும் சேதமுற்ற கார் நிக்கோபார் தீவு அவ்வூரிலிருந்து சுமார் 270 கிலோமீட்டர் தெற்கே உள்ளது. அங்கும் ஒரு நிலையம் அமைக்கப்பட்டது.

அக்குழுவினரிடம் மிகப் பெரிய கருவிகள் எவையும் இல்லை. எந்த நேரத்தில் எந்த அலைவரிசையில் பேசினால் மற்றவர்களுக்குக் கேட்கும் என்ற அறிவும், செய்தியைப் பிழையின்றிச் சொல்லும் பயிற்சியும் அவர்களிடம் இருந்தன. மறுமுனையில் நாள்தோறும் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் நண்பர்களும் இருந்தார்கள். ஆபத்து வந்த பிறகு இவற்றைத் தேடிக்கொள்ள முடியாது.

1999-ம் ஆண்டு அக்டோபரில் ஒடிசாவைத் தாக்கிய பெரும்புயலின்போதும், 2001-ம் ஆண்டு ஜனவரி 26-ம் தேதி குஜராத்தில் புஜ் நகரை அழித்த நிலநடுக்கத்தின்போதும், 2015-ம் ஆண்டு சென்னை வெள்ளத்தின்போதும் அமெச்சூர் வானொலியாளர்கள் உதவிக்கு வந்தனர். பேரழிவு இல்லாத வேளையிலும் அவர்கள் பணி உண்டு. மேற்கு வங்காளத்தில் ஆண்டுதோறும் நடைபெறும் கங்காசாகர் திருவிழாவில் வழி தவறிப்போன முதியவர்களை உறவினர்களிடம் சேர்ப்பிக்க அம்மாநிலத்து வானொலிக் கழகத்தார் உதவி வருகிறார்கள்.

செய்தியைச் சொல்லும் முறை

இவர்களிடமிருந்து பஞ்சாயத்து உறுப்பினர்கள் உடனே கற்றுக்கொள்ளத்தக்கது ஒன்று உண்டு. ஆபத்து வேளையில், "எங்கள் ஊரில் நிறையப் பேர் சிக்கிக்கொண்டார்கள், உடனே உதவி வேண்டும்" என்று செய்தி அனுப்பினால், அதைப் பெறும் அதிகாரி என்ன அனுப்புவது என்று அறியமாட்டார். மீண்டும் கேட்க வேண்டும், காலம் வீணாகும். வானொலியாளர் அதையே, "பள்ளிக் கட்டடத்தில் 140 பேர், அவர்களில் குழந்தைகள் 30, குடிநீர் இல்லை, கிழக்குச் சாலை உடைந்துள்ளது, மேற்குச் சாலையில் டிராக்டர் வரும், நேரம் காலை 7 மணி" என்று சொல்வார். எதிர்ப்புறத்தார் அதைத் திருப்பிச் சொல்லுவார். பிழை இருந்தால் அப்போதே திருத்தப்படும். இடம், எண்ணிக்கை, தேவை, வழி, நேரம் என்னும் ஐந்தும் எச்செய்தியிலும் இருக்க வேண்டும். மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077 என்ற எண்ணிற்குத் தொலைபேசியில் பேசும்போதும் இம்முறையைக் கையாளலாம்.

பஞ்சாயத்து செய்யக்கூடியவை

உங்கள் ஊரிலோ அருகிலுள்ள நகரத்திலோ உரிமம் பெற்ற வானொலியாளர் இருக்கிறாரா என்று விசாரித்து அறிந்துகொள்ளுங்கள். இருந்தால், பேரிடர் திட்டத்தில் அவருடைய ஒப்புதலோடு அவரையும் சேர்த்துக்கொள்ளுமாறு வட்டார அதிகாரிகளைக் கேட்டுக்கொள்ளலாம். வீட்டு மாடியில் கம்பி கட்டுகிறாரே என்று ஐயுற்றுத் தொல்லை கொடுப்பதற்கு முன், அவருடைய உரிமத்தைப் பார்த்துத் தெளிவடைவது நேரிய முறை.

உயர்நிலைப் பள்ளி அறிவியல் மன்றத்திற்கு அவரை அழைத்து, கருவியை இயக்கிக் காட்டச் செய்யலாம். 12 வயது நிறைந்தவர்கள் உரிமத் தேர்வு எழுதலாம். அடிப்படை மின்னியலும் வானொலி விதிகளும் தேர்வுப் பாடங்கள். மார்ஸ் தந்தி முறைத் தேர்வு இல்லாத தொடக்க நிலையும் உண்டு. மோட்டார் பம்பைப் பழுதுபார்க்கும் திறன் படைத்த கிராமத்து இளைஞருக்கு இப்பாடங்கள் எட்டாதவை அல்ல.

பாதுகாப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஏரியல் கம்பியை மின்கம்பிக்கு மேலாகவோ அருகிலோ ஒருபோதும் கட்டக் கூடாது. அறுந்து விழுந்தால் உயிருக்கே ஆபத்து. இடி மின்னல் தோன்றும் முன்பே ஏரியல் இணைப்பைக் கழற்றிவிட வேண்டும். மின்சாரம் நின்ற காலத்தில் டிராக்டரில் உள்ளது போன்ற 12 வோல்ட் பாட்டரி ஒன்றே கருவியை இயக்கப் போதும். சிறிய சூரிய மின்தகடு ஒன்று இருந்தால் அந்தப் பாட்டரியை மீண்டும் ஏற்றிக்கொள்ளலாம்.

அமெச்சூர் வானொலி அரசாங்கத்தின் புயல் எச்சரிக்கைக்கோ தொலைபேசிக்கோ மாற்று ஆகாது. பஞ்சாயத்தின் அன்றாட அலுவல்களுக்கு அதைப் பயன்படுத்தவும் விதி இடம் தராது. மற்ற வழிகள் யாவும் அடைபட்டபோது எஞ்சி நிற்கும் ஒரு வழி அது. ஏரிக்கரையை மழைக்காலம் வருமுன் பலப்படுத்துகிறோம். வெள்ளம் வந்தபின் மண் வெட்டுவதில்லை. செய்தித் தொடர்புக்கும் அத்தகைய முன்னேற்பாடு வேண்டும். வட்டாரத்திற்கு ஓர் இளைஞரேனும் இக்கலையைக் கற்று உரிமம் பெறுவாராயின், அடுத்த புயலின்போது அந்த வட்டாரத்தின் நிலையை வெளியுலகம் அன்றே அறியும். உதவியும் அதற்கேற்ப விரைந்து வரும். வடகிழக்குப் பருவமழைக்கு முன் கூடும் கிராம சபையில் இதையும் ஒரு பொருளாக வைத்து ஆலோசிப்பது நலம்.